சத்தம் வராத மருந்து

அவர் கீரைக் கட்டை நீட்டுவார். நாம் பிடித்துக்கொள்வோம். ஆனால் அவர் விடமாட்டார். கட்டின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை நம் கையிலுமாக, மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நாமும் நிற்க வேண்டும்.

“எண்ணி சொல்லு,” என்பார்.

காலையில் எழுந்ததிலிருந்து நோயாளியின் வாய்க்குள் என்னென்ன போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மாத்திரை, டானிக், கஞ்சி, டீ, யாரோ கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம், சொந்தக்காரர் அனுப்பிய லேகியம், எல்லாம். அவர் விரலை மடக்கி எண்ணுவார். முடிந்ததும், “அவ்ளோதானா?” என்பார். அவ்வளவுதான் என்போம். கொஞ்ச நேரம் நம் முகத்தையே பார்ப்பார். “அவ்ளோதானா?” என்று மறுபடியும் கேட்பார். மூன்றாவது முறையும் கேட்ட பிறகுதான் பிடியை விடுவார்.

ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரைக்கு இத்தனை பாடு. மார்க்கெட்டில் அதே கீரையை கணிகெ சொப்பு என்று கன்னடத்தில் கூவி விற்பார்கள். அங்கே ஒரு கேள்வியும் கிடையாது. பக்கத்துப் பேட்டையான கோரமண்டலிலிருந்து வந்த ஒரு அம்மா ஒருநாள் பொறுமை இழந்து, “யோவ், கீரை கேட்டா எஃப்.ஐ.ஆர். போடறியே, நீ இன்னா போலீஸா?” என்று கத்தினார். அவர் கோபப்படவில்லை. “போடறேம்மா. நீ சொல்லு,” என்றார்.

இருந்தும், பெங்களூருக்குப் போய் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டு வரும் வீடுகளிலிருந்து அவரிடம்தான் வந்தார்கள். அவர் மனைவி அதே நோயில் போனவர். குமட்டலுக்கு எது கேட்கும், வெந்துபோன வாய்க்கு எது இதம், நாக்கில் இரும்பு ருசி அடித்தால் எதை அடக்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று ஊரில் பேச்சு.

அவர் பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எங்கள் லைனில், சுரங்க ஆட்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசையில், யாரும் அவரைப் பேர் சொல்லி அழைத்ததும் இல்லை. தங்கச் சுரங்கம் மூடும்வரை கீழே பிளாஸ்டராக இருந்தவர். பாறையில் துளை போட்டு, அதில் வெடிமருந்தை அடைத்து, திரி கொளுத்துகிறவருக்கு அந்தப் பேர். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்கு அவர் பிளாஸ்டர்தான். இப்போது அவர் இங்கே இல்லை. ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள்.

எனக்கு அவரைத் தெரியவந்தது என் மனைவி எஸ்தருக்கு நோய் வந்த வருஷத்தில்.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. பத்தாவது வரை படித்தேன். பெங்களூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்கு தினமும் ரயிலில் போய் வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து எஸ்தர்தான் பேசுவாள். ரேஷன் கடையிலும் பேசுவாள், சர்ச் கமிட்டியிலும் பேசுவாள், டாக்டரிடமும் அவளேதான் பேசினாள். மார்பில் கட்டி என்று சொன்ன அன்றைக்கும், “ஆறு தரம் மருந்து ஏத்தணும்னா ஏத்துங்க மேடம், ஏழாவதா ஒண்ணு மட்டும் ஏத்தாதீங்க,” என்று சொல்லி டாக்டரம்மாவைச் சிரிக்க வைத்தவள் அவள். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது முறை ஏற்றிய பிறகு அவள் வாய் வெந்துபோனது. உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் வெள்ளை வெள்ளையாகப் புண். தண்ணீர் விழுங்கக்கூட அழுதாள். அப்புறம் பேசுவதை நிறுத்திவிட்டு, கையைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள். முடி கொட்டியபோது கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. வேலைக்குப் போன இடத்தில் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் இப்போது சத்தமே இல்லாமல் என்ன ஆகிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்து அளவைத் தப்பாக வெட்டிவிடுவேன்.

அவர் தட்டிக்கு முன்னால் போய் நின்றபோது வந்த காரணத்தைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

“கீரை,” என்றேன்.

“யாருக்கு?”

“வீட்ல.”

“எத்தினி ஏத்திக்கீறாங்க?”

“ரெண்டு.”

“இன்னும்?”

“நாலு.”

அவர் முகம் சுருங்கியது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. மாத்திரைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது அவருக்கு. ஆனாலும் சீட்டைக் கையில் வாங்கி, எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி, நான் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

மணத்தக்காளியைப் பாசிப்பருப்போடு குழையக் குழைய வேகவைத்து, காரமில்லாமல் கொடுக்கச் சொன்னார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும். குமட்டலுக்கு ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், அரை டம்ளர். அவ்வளவுதான் அவர் வைத்தியம். அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றார். “பச்சையா எதையும் குடுக்காத. தோட்டத்துல பறிச்சத கழுவிட்டேன்னு குடுக்காத. வேகணும்.”

தோட்டம் என்று அவர் சொன்னது வீட்டுக்கு முன்னால் நாலு அடி அகலத்தில் இருந்த இடம். அந்த மண் கூட எங்கள் ஊர் மண் இல்லை. பூதிகோட்டைப் பக்கம் ஒரு தெரிந்தவர் நிலத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய சைனைடு மண் மலையாகக் குவிந்திருக்கும் மேடு எங்கள் லைனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. காற்று திரும்பினால் வெள்ளைத் தூசி வீட்டுக்குள் வரும். காற்று திரும்பும் நாட்களில் அவர் பழைய புடவைகளை நனைத்துச் செடிகளின் மேல் போர்த்திவிடுவார். அவை அவர் மனைவியின் புடவைகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நாலைந்து பேர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதுபோல் தெரியும். அந்தப் பக்கமாகப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் எஸ்தருக்கு ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைவாக இருக்கிறது என்றார்கள். அவரிடம் சொன்னேன். உடனே என்னோடு வீட்டு வாசல்வரை வந்து, “இஞ்சித் தண்ணி வெச்சுக்கீறியா? கொட்டு,” என்றார்.

“நீங்க குடுத்ததுதானேண்ணா?”

“நான் குடுத்ததுதான். கொட்டு. ரத்தம் சரியாயி அவங்க சொல்ற வரைக்கும் அதுவும் வேணாம்.”

உள்ளே படுத்திருந்த எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது புண் கொஞ்சம் ஆறியிருந்தது. “பாறைக்கே வெடி வெச்ச மனுஷன் இஞ்சிக்குப் பயப்படறாரு பாரேன்,” என்றாள்.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: “பாறைய பாத்துப் பயந்ததாலதான் தங்கச்சி, இஞ்சிய பாத்துப் பயப்படற வரைக்கும் உயிரோட கீறேன்.”

அவளுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் பயந்தாங்கொள்ளி பிளாஸ்டர் என்று செல்லமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்றாவது முறை ஏற்றிய பிறகு புண் முன்னைவிட மோசமாக வந்தது. எஸ்தர் பாதியாக இளைத்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் குடியாத்தத்திலிருந்து அவள் அக்கா வந்தார். பஸ் மாறி பஸ் மாறி ஏதோ மலையடிவாரம்வரை போய், ஒரு வைத்தியரிடம் காத்திருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்திருந்தார். சாம்பல் நிறத் தூள். காகிதத்தில் பேர் இல்லை, ஒரு எழுத்து கூட இல்லை. தேனில் குழைத்துக் காலையிலும் சாயங்காலமும் கொடுக்க வேண்டும். ரத்தம் ஊறும், பசி எடுக்கும், ஏற்றுகிற மருந்தின் சூடு உடம்பில் தங்காது.

“ஆஸ்பத்திரில மட்டும் சொல்லாதீங்க,” என்றார் அக்கா. “சொன்னா வேலை செய்யாதுன்னு வைத்தியர் கண்டிப்பா சொல்லிட்டாரு.”

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். அவளுக்கு வாழவேண்டும் என்று இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதில் தப்பு என்ன என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

நாலைந்து நாளில் அவள் இட்லி கேட்டாள். ஒரு இட்லி, அடுத்த நாள் ஒன்றரை. அக்கா அழுதார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

நாலாவது முறை ஏற்றப் போனபோது நர்ஸ் கையில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார்: “மனேலி கஷாய ஏனாதரூ கொட்ரா?” வீட்டில் கஷாயம் ஏதாவது கொடுத்தீர்களா என்று. எஸ்தருக்கு வாய் இன்னும் முழுதாக ஆறவில்லை. என்னைப் பார்த்தாள். “இல்லா சிஸ்டர்,” என்றேன். அவர் டிக் அடித்துக்கொண்டு போனார். அவர் கேட்டது கஷாயத்தை, நாம் கொடுப்பது தூள், அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று ரயிலில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பங்காருபேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் அதை நம்பியும்விட்டேன்.

ரத்தம் சரியாகி இஞ்சித் தண்ணீரை மறுபடி ஆரம்பித்திருந்தோம். கீரை வாங்கும்போது பிளாஸ்டரிடமும் அதே பழைய கணக்கைத்தான் சொன்னேன். வாந்தி மாத்திரை, வயிற்று மாத்திரை, டானிக், கஞ்சி, கீரை, இஞ்சித் தண்ணீர். ஆறு. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆறு என்றேன். அதற்கப்புறமும் கீரையின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எஸ்தருக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் போகிறது என்றாள். சூடு என்று நினைத்தோம். ஒருநாள் காலையில் அவள் ஜன்னல் ஓரமாகத் திரும்பியபோது கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. ஐந்தாவது முறை ஏற்ற இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. தள்ளிப்போட்டுவிடுவார்களோ, தள்ளிப்போட்டால் கட்டி மறுபடி வளர்ந்துவிடுமோ என்று பயந்தேன். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சைனைடு மேட்டின் அடியில் ஓடுகிற சாக்கடை ஓரத்தில் அது முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் போய் வேரோடு ஒரு பிடி பிடுங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குக் காற்று திரும்பியிருந்தது. அவர் செடிகளுக்குப் புடவை போர்த்திக்கொண்டிருந்தார். என் கைக்குட்டைக்கு வெளியே தொங்கிய வேரைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, நில்லு. எங்க பிடுங்கின?”

மேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

“அந்த மண்ணுலயா?” தட்டியைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கித் தரையில் போட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் குரல் இறங்கிப்போனது. “யாருக்குக் கண்ணு மஞ்சளா கீது?”

எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“எண்ணி சொல்லு.”

வாந்தி மாத்திரை, வயிற்று மாத்திரை, டானிக், கஞ்சி, கீரை, இஞ்சித் தண்ணீர்.

“ஆறு,” என்றார். “அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணா.”

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல், போட்ட செடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“கீழ நாங்க பதினாறு ஓட்டைல மருந்து வெச்சா, திரிய கொளுத்திட்டு தள்ளிப் போயி நின்னு எண்ணுவோம். பதினாறு சத்தம் கேக்கணும். பதினஞ்சு கேட்டுச்சுன்னா ஒண்ணு சத்தம் வராம உள்ள உக்காந்துகினு கீதுன்னு அர்த்தம். அது தெரியாம அடுத்த ஷிப்டு ஆளு வந்து அதே எடத்துல டிரில் வெப்பான். அவன் வீட்டுக்குப் போயி யாரு சொல்றது?” அந்தச் செடியைக் கையால் ஒதுக்கினார். “நாளன்னிக்கு உம் பொஞ்சாதிக்கு மறுபடி மருந்து ஏத்தறாங்க. உள்ள இன்னா கீதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒண்ணு சத்தம் வரலடா தம்பி. சொல்லிடு.”

அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தார். அதுவரை அவர் எங்கள் வாசல்படியைத் தாண்டியதில்லை. எஸ்தரை வெளிச்சத்துக்கு வரச்சொல்லிக் கண்ணைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எஸ்தர் உள்ளே போய் அரிசி டின்னுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“ரெண்டாவது பொட்டலம்ணா இது,” என்றாள். “அவர திட்டாதீங்க. நானும்தான் தின்னேன்.”

அவர் அதை முகர்ந்து பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பி எழுத்தைத் தேடினார். காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொட்டலம் கிழிந்துவிடும் என்று நான் வாங்கிக்கொண்டேன்.

“காலைல மொத வண்டி,” என்றார். “நானும் வரேன்.”

மறுநாள் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். ரயில் கூட்டத்தில் யாரோ எஸ்தருக்கு இடம் கொடுத்தார்கள். எங்கள் சர்ச் பக்கம் வராத பௌத்தர் அவர். அவள் அவரைப் பார்த்து, “ண்ணா, நீங்களும் ஒரு ஜெபம் பண்ணுங்களேன். புத்தர் கோச்சிக்க மாட்டாரு,” என்றாள்.

“நீ ஜெபம் பண்ணு தங்கச்சி. நான் எண்ணிகினு வரேன்.”

“இன்னாத்த எண்றீங்க?”

“ஸ்டேஷன்தான்.”

ஆஸ்பத்திரி வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அந்தப் படிகளில் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. எஸ்தர் பாட்டுக்குப் படியேற, அவரும் பின்னால் ஏறினார். ஆனால் டாக்டரம்மா அறைக்குள் வரவில்லை. கதவு நிலையில் நின்றுகொண்டார்.

எஸ்தர் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, “நீயே சொல்லு. இல்லன்னு சொன்ன வாய் உன்னுதுதானே,” என்றாள்.

கதவுப் பக்கம் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“எல்லாம் சேத்து ஏழு, மேடம்,” என்றேன்.

“ஏழா? என்ன ஏழு?” என்றார் டாக்டரம்மா.

ஏழையும் சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வேளை, எவ்வளவு, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதில்லை. டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எஸ்தரின் கண்ணை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அந்த நிதானம் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

“மஞ்சள் இருக்கறத நாங்க எப்படியும் கண்டுபிடிச்சிருப்போம்,” என்றார் கடைசியில். “ஆனா இதைச் சொல்லலைன்னா, கட்டி ஈரலுக்குப் பரவிடுச்சோன்னுதான் மொதல்ல நினைச்சிருப்போம். இப்ப தேடறதுக்கு ஒரு இடம் இருக்கு.”

கதவுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. பிளாஸ்டர் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஸ்தரை ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் அழைத்துப்போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தார்.

“இதே பெஞ்சு இல்ல. அது மரத்துல இருந்துச்சு,” என்றார். “எம் பொஞ்சாதிய கூட்டினு வந்தப்ப நர்ஸம்மா கேட்டாங்க. வேற இன்னா குடுத்தேன்னு. ஒண்ணியும் குடுக்கலன்னேன்.”

“என்ன குடுத்தீங்கண்ணா?”

“ஒரு கஷாயம். எட்டு நாள். யாரோ சொன்னான், மூணு கொடி வேரு ஒண்ணா போட்டு காய்ச்சறது. அப்பால மஞ்சளாயிட்டா. ஈரலுக்குப் போயிடுச்சு போல, ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னாங்க. அவளுக்கு எழுந்து உக்கார முடியல. இனிமே இன்னாத்துக்குன்னு வீட்டுக்குக் கூட்டினு வந்துட்டேன்.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “நோய்ல போனாளா, என்னால போனாளா, டாக்டருக்குத் தெரியாது. நான் சொல்லல. அதனால யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

நான் அவர் தோளில் கை வைத்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எஸ்தரை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஸ்கேனில் ஈரலில் கட்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் ரத்தத்தில் ஈரலின் அளவுகள் பயங்கரமாக ஏறியிருந்தன. ஏற்றுகிற மருந்தையும் நிறுத்தினார்கள், தூளையும் நிறுத்தினார்கள். மருந்து ஏற்றினால் ஈரல் தாங்காது, ஏற்றாவிட்டால் கட்டி சும்மா இருக்காது. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம். வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாளை வாங்கப் போகும்போது, வராந்தாவின் கோடிவரை நடப்பதற்குள் அவள் இல்லாத வீட்டை மனசுக்குள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிடுவேன். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை.

அளவுகள் இறங்கின. மெல்ல மெல்லத்தான். எஸ்தரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மறுநாளே ஏற்றலாம் என்று சொன்னார், கொஞ்சம் குறைந்த அளவில். மீதி இரண்டு முறையும் ஏற்றி முடித்தார்கள். எஸ்தர் இருக்கிறாள். இப்போது பக்கத்து அறையில் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்த மூன்றாவது வாரத் தாளை வாங்கிய சாயங்காலத்தைப் பற்றி அவளிடம் நான் இன்றுவரை பேசியதில்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தி சொல்லப் போகிறோம் என்றுதான் போனேன். அவர் மூன்று தாள்களையும் வாங்கித் தட்டியின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். மூன்றாவது தாளுக்கு வந்ததும் விரல் நின்றது.

“எறங்கிடுச்சு.”

“எறங்கிடுச்சுண்ணா. நாளைக்கு ஏத்தறாங்க.”

“அப்ப அந்தத் தூளுதானா?”

டாக்டரம்மாவிடம் நானும் அதையே கேட்டிருந்தேன். முதல் நாள், எதனால் என்று இப்போது சொல்ல முடியாது, நாங்கள் ஏற்றும் மருந்தும் ஈரலைத் தாக்கும் என்றார். அன்று காலையில் மறுபடி கேட்டபோது, இந்த அளவு ஏறி இப்படி இறங்குவதைப் பார்த்தால் தூள்தான் என்று நினைக்கிறேன் என்றார். பிளாஸ்டர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எஸ்தரைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை.

“ரெண்டையும் நிறுத்தினாங்க இல்லண்ணா. எதுன்னு சொல்ல முடியாது,” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார்.

“தூளுதானா?”

“ஏத்தற மருந்தும் அப்படிப் பண்ணுமாம்.”

“தம்பி,” என்றார். குரலில் கோபமே இல்லை. “தூளுதானா?”

எஸ்தருக்காக டாக்டரம்மா முன்னால் பேசியபோது கூட இவ்வளவு பயமாக இல்லை.

“தூள்தான்னு நினைக்கறேன்னு சொன்னாங்கண்ணா.”

அவர் தலையை ஆட்டினார். தாள்களை ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார். டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு கையைக் கழுவினார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

“எட்டு நாளும் அவ வேணாம் வேணாம்னா,” என்றார். “கசக்குதுன்னு தலைய திருப்பிக்குவா. நான்தான் மூக்க புடிச்சு ஊத்தினேன்.”

தாள்களைச் சட்டைப் பையில் வைத்தேன். திரும்பிப் போகத் தெரியவில்லை. அப்படியே நின்றேன். அவரும் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

“எம்மாம் நேரமா தேடறது?” என்று குரல் கேட்டது. எஸ்தர். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல், எங்கள் லைனிலிருந்து தனியாகவே நடந்து வந்திருந்தாள். “பேப்பர வாங்கினா வீட்டுக்கு வரத் தெரியாதா உனுக்கு? ண்ணா, பாத்தீங்களா இந்த ஆள?”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைப் பரிசோதிக்கத்தான் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தட்டிக்கு அருகில் போய், ஆஸ்பத்திரியில் காட்டுவதுபோல் இரண்டு கீழிமைகளையும் விரலால் இழுத்து, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் நிமிர்த்தினாள்.

“பாருங்கண்ணா. வெள்ள வெளேர்னு கீது. நல்லா பாருங்க.”

அவர் பார்த்தார். அவளுக்குக் கண் எரிந்து நீர் கட்டி, விரலை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார்.